கரண்ட் வந்தும் கிளவுட் ஃபோல்டர் வரவில்லை: சர்வீஸ் டெம்ப்ளேட் வேலை செய்யும் விதம்

கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகங்களில் காகிதம்தான் குறைந்திருக்கிறது, ஆவணம் குறையவில்லை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், பில் ஆஃப் என்ட்ரி என்று ஒரு கன்டெய்னருக்கே ஒரு கட்டு ஸ்கேன் சேரும். 2018ஆம் ஆண்டின் கஸ்டம்ஸ் புரோக்கர் உரிம விதிகள் இந்தப் பதிவுகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் பாதுகாக்கச் சொல்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையை வடசென்னையில் இருந்து பார்த்தவர்களுக்கு, 5 ஆண்டு ஆவணத்தைத் தரைத்தள அறையில் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருப்பது சரிப்படாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் கிளவுட். மண்ணடியிலோ தம்பு செட்டித் தெருவிலோ இருக்கும் ஓர் அலுவலகத்தில் ஒவ்வொரு பார்ட்டிக்கும் (வாடிக்கையாளருக்கும்) தனிக் கணக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூலையில் இருக்கும் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் அந்தக் கணக்குகளைச் சாதாரண ஃபோல்டர்களாகக் காட்டுகிறது. ஊழியர்கள் அவரவர் மேசையிலிருந்தே ஸ்கேனை அந்த ஃபோல்டரில் போடுகிறார்கள். ஒருநாள் கரண்ட் போய் வருகிறது. மூன்று பார்ட்டி ஃபோல்டர்களில் இரண்டு காலியாகத் தெரிகின்றன. ஃபைல் எல்லாம் அழிந்துவிட்டதோ என்று பதற்றம்.

எதுவும் அழியவில்லை. கிளவுட்டை ஃபோல்டராகக் காட்டும் நிரல் தொடங்கவில்லை, அவ்வளவுதான். ஏன் தொடங்கவில்லை, அதுவும் ஏன் இரண்டு மட்டும் என்பதற்கான விடை, அந்த நிரலைத் தொடங்கச் சொல்லும் அமைப்புக் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பை ஒரு டெம்ப்ளேட்டாக எழுதுவது எப்படி, எழுதும்போது எங்கெங்கே சறுக்கும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

## யார் எதைத் தொடங்குகிறார்கள்

லினக்ஸ் கம்ப்யூட்டர் பூட் ஆனதும் முதலில் ஓடும் நிரல், இன்று பெரும்பாலான வகைகளில், சிஸ்டம்டி. 2010இல் வந்தது. ஃபெடோரா 2011இலும், டெபியனும் உபுன்டுவும் 2015இலும் இதையே இயல்பான தொடக்க நிரலாக ஏற்றுக்கொண்டன. அதற்கு முன்பு ஒவ்வொரு சேவைக்கும் (பின்னணியில் ஓடும் நிரலுக்கும்) ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு, இருக்கும். மூன்று பார்ட்டி என்றால் மூன்று நகல். ஒன்றில் திருத்தினால் மற்ற இரண்டிலும் திருத்த வேண்டும், அதை யாராவது மறப்பார்கள்.

சிஸ்டம்டியில் ஸ்கிரிப்டுக்குப் பதில் யூனிட் ஃபைல் என்னும் சிறு உரைக்கோப்பு. சேவைகளுக்கு உரியது சர்வீஸ் யூனிட். அதில் மூன்று பகுதிகள். யூனிட் என்ற பகுதி யாருக்குப் பின்னால் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. சர்வீஸ் என்ற பகுதி எந்த நிரலை, எந்தப் பயனரின் பெயரில், எப்படி ஓட்டுவது என்பதைச் சொல்கிறது. இன்ஸ்டால் என்ற பகுதி பூட் ஆகும்போது இதை எந்தக் கூட்டத்தோடு சேர்ப்பது என்பதைச் சொல்கிறது.

கிளவுட்டை ஃபோல்டராகக் காட்டும் நிரலாக இங்கே ஆர்குளோனை எடுத்துக்கொள்கிறேன். இலவச, திறந்த மூல நிரல். எழுபதுக்கும் மேற்பட்ட கிளவுட் சேவைகளோடு பேசும். அதன் மவுன்ட் கட்டளை, ஒரு கணக்கை உள்ளூர் ஃபோல்டர் ஒன்றின் மேல் பொருத்தி வைக்கும். நிரல் ஓடும்வரை உள்ளே கிளவுட் தெரியும். நின்றுவிட்டால் அடியில் இருக்கும் வெற்று ஃபோல்டர் தெரியும். 'காலி'யின் ரகசியம் இவ்வளவுதான்.

## ஒரு கோப்பு, பல பிரதி

யூனிட் ஃபைலின் பெயரில் புள்ளிக்கு முன்னால் @ குறி வந்தால் அது டெம்ப்ளேட். உதாரணமாக 'ஆர்குளோன்@.சர்வீஸ்'. அதை அப்படியே ஓட்ட முடியாது. @ குறிக்குப் பின்னால் ஒரு பெயர் சேர்த்து 'ஆர்குளோன்@பருப்பு.சர்வீஸ்' என்று கூப்பிட்டால்தான் ஓடும். இப்படிப் பெயர் சேர்ந்த பிரதிக்கு இன்ஸ்டன்ஸ் என்று பெயர். அந்தப் பெயரில் தனிக் கோப்பு இருக்கிறதா என்று சிஸ்டம்டி முதலில் பார்க்கும். இல்லையென்றால் டெம்ப்ளேட்டை எடுத்து, அதற்குள் எங்கெல்லாம் % குறியோடு ஆங்கிலச் சின்ன ஐ எழுத்து (i) இருக்கிறதோ அங்கெல்லாம் 'பருப்பு' என்று நிரப்பிக்கொள்ளும். இதை இனி %ஐ என்று எழுதுகிறேன்.

அச்சடித்த படிவத்தில் பார்ட்டி பெயருக்கு மட்டும் கோடு விட்டு வைப்பது போலத்தான் இது. ஆனால் படிவத்தில் பல கோடுகள் இருக்கலாம், இங்கே ஒரே ஒரு கோடு. நிரப்பக் கிடைப்பது ஒரு பெயர் மட்டுமே. அதனால் டெம்ப்ளேட் எழுதுகிறவர் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி: ஒரு பிரதிக்கும் இன்னொரு பிரதிக்கும் மாறுகிற எல்லாவற்றையும் அந்த ஒரு பெயரிலிருந்து வருவித்துவிட முடியுமா? முடிந்தால் டெம்ப்ளேட் சுத்தமாக வரும். முடியாததை வெளியே வேறு கோப்பில் வைக்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுதிய டெம்ப்ளேட்டுகள்தான் பின்னால் தொல்லை கொடுக்கின்றன.

அந்தப் பெயர் எதைக் குறிக்கலாம் என்பதற்கு மூன்று நல்ல மாதிரிகள் உண்டு.

1. எண்: பெரிய அளவில் சேமிப்பைப் பல கம்ப்யூட்டர்களில் பரப்பி வைக்கும் செஃப் மென்பொருளில், ஒவ்வொரு டிஸ்க்கையும் பார்த்துக்கொள்ள ஒரு சேவை ஓடும். 'செஃப்-ஓஎஸ்டி@3' என்றால் 3ஆம் எண் டிஸ்க்குக்கானது. டெம்ப்ளேட் அந்த எண்ணை நிரலிடம் அடையாளமாகக் கொடுத்துவிடும், மற்றதை நிரலே கண்டுபிடித்துக்கொள்ளும்.

2. பயனர்: இரண்டு கம்ப்யூட்டர்களுக்கிடையே ஃபோல்டரை ஒத்திசைக்கும் சிங்க்திங்கில் @ குறிக்குப் பின் வருவது லினக்ஸ் பயனர் பெயர். டெம்ப்ளேட்டில் யூசர்=%ஐ என்ற வரி இருக்கும். அவரவர் சேவை அவரவர் பெயரிலேயே ஓடும்.

3. முத்திரை: நம் அலுவலகத்தில் வருவது போன்றது. 'பருப்பு', 'டைல்ஸ்', 'மரம்' என்று பார்ட்டிக்கு நாமே வைக்கும் குறும்பெயர். இதற்கென்று கம்ப்யூட்டரில் தனி அர்த்தம் எதுவும் இல்லை. கணக்குப் பெயர், ஃபோல்டர், கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) இடம் எல்லாவற்றிலும் இதே பெயரை வைப்போம் என்று நாம் செய்துகொள்ளும் ஏற்பாடுதான் இதற்கு அர்த்தம் தருகிறது.

மூன்றாவது வகையில் பெயர் வைப்பதில் கவனம் வேண்டும். சின்ன எழுத்து, எண் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் இருக்கிறது. ஃபோல்டர் பாதைகளைப் பெயருக்குள் அடக்குவதற்காக, சிஸ்டம்டி சாய்கோட்டை நடுக்கோடாக மாற்றி எழுதும். நிஜமான நடுக்கோடு வந்தால் அதை '\எக்ஸ்2டி' என்று எழுதும். சின்ன ஐ பெயரை அப்படியே தரும், பெரிய ஐ மாற்றத்தைத் திருப்பித் தரும். நீங்கள் 'டைல்ஸ்-2' என்று பெயர் வைத்து, டெம்ப்ளேட்டில் பெரிய ஐ போட்டிருந்தால், நிரலுக்குப் போய்ச் சேர்வது 'டைல்ஸ்/2'. இல்லாத ஃபோல்டரைத் தேடி அது விழும். பிழைச் செய்தியைப் பார்த்தால் ஒன்றும் புரியாது.

## கோப்பை வரி வரியாக

நம் அலுவலகத்துக்கான டெம்ப்ளேட் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

[யூனிட்]
டிஸ்க்ரிப்ஷன்=%ஐ பார்ட்டியின் கிளவுட் ஃபோல்டர்
வான்ட்ஸ்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்
ஆஃப்டர்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்

[சர்வீஸ்]
டைப்=நோட்டிஃபை
யூசர்=ஆவணம்
ஸ்டேட்டைரக்டரி=ஆர்குளோன்/%ஐ
கேஷ்டைரக்டரி=ஆர்குளோன்/%ஐ
என்விரான்மென்ட்ஃபைல்=-/ஈடிசி/ஆர்குளோன்/%ஐ.என்வ்
எக்ஸெக்ஸ்டார்ட்=/யூஎஸ்ஆர்/பின்/ஆர்குளோன் மவுன்ட் %ஐ: /எஸ்ஆர்வி/பார்ட்டி/%ஐ --கான்ஃபிக்=/வார்/லிப்/ஆர்குளோன்/%ஐ/ஆர்குளோன்.கான்ஃப் --கேஷ்-டிர்=/வார்/கேஷ்/ஆர்குளோன்/%ஐ --விஎஃப்எஸ்-கேஷ்-மோட்=ரைட்ஸ் --அலவ்-அதர் $கூடுதல்
ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்
ரீஸ்டார்ட்செக்=30

[இன்ஸ்டால்]
வான்டட்பை=மல்ட்டி-யூசர்.டார்கெட்

டைப்=நோட்டிஃபை என்பது முக்கியம். நிரலைக் கிளப்பிவிட்டதோடு 'தொடங்கிவிட்டது' என்று எண்ணாமல், ஃபோல்டர் பொருத்தி முடிந்தது என்று ஆர்குளோனே தகவல் தரும்வரை சிஸ்டம்டி காத்திருக்கும். இதன் பிறகு தொடங்க வேண்டிய சேவைகள், உதாரணமாக ஃபோல்டரை மற்ற மேசைகளுக்குப் பகிரும் சம்பா, சரியான நேரத்தில் வரும். அலவ்-அதர் என்பது, சேவையை ஓட்டும் பயனர் தவிர மற்றவர்களும் ஃபோல்டருக்குள் பார்க்க அனுமதி. இது வேலை செய்ய /ஈடிசி/ஃபியூஸ்.கான்ஃப் கோப்பில் யூசர்_அலவ்_அதர் என்ற வரியும் இருக்க வேண்டும்.

என்விரான்மென்ட்ஃபைல் வரியில்தான், பெயரிலிருந்து வருவிக்க முடியாதவை போகின்றன. ஒரு பார்ட்டிக்கு மட்டும் வேகக் கட்டுப்பாடு வேண்டும் என்றால், அவர் பெயரில் உள்ள கோப்பில் 'கூடுதல்' என்ற மாறிக்கு மதிப்பு எழுதினால் போதும். பாதைக்கு முன்னால் இருக்கும் நடுக்கோடு, 'கோப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை' என்று பொருள்படும். இங்கே மூன்று விஷயங்களில் ஆட்கள் சறுக்குவார்கள். அது ஷெல் ஸ்கிரிப்ட் இல்லை, உள்ளே கட்டளை எழுதினால் ஓடாது. அதற்குள் %ஐ எழுதினாலும் நிரப்பப்படாது, யூனிட் ஃபைலில் மட்டும்தான் நிரப்பல் நடக்கும். அப்புறம், அதில் வரும் மாறியை நிரலுக்கான அளபுருக்களில் (எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் நிரலின் பெயருக்குப் பின் வருபவை) பயன்படுத்தலாம், யூசர் போன்ற வரிகளில் பயன்படுத்த முடியாது.

யூனிட் ஃபைலில் % குறிக்குத் தனி அர்த்தம் இருப்பதால், நிஜமான % தேவைப்பட்டால் இரண்டு முறை எழுத வேண்டும். இணைய முகவரிகளை ஒட்டும்போது இது கண்டிப்பாக ஒருநாள் கடிக்கும்.

கோப்பை /ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் ஃபோல்டரில் வைத்து, டெமன்-ரீலோட் (கோப்புகளை மறுபடி படிக்கச் சொல்லும் கட்டளை) கொடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எனேபிள் (பூட் ஆகும்போது தானாகத் தொடங்க), ஸ்டார்ட் (இப்போதே தொடங்க) இரண்டும் கொடுத்தால் வேலை முடிந்தது. பின்னால் டெம்ப்ளேட்டில் ஏதாவது மாற்றினால் மறுபடி டெமன்-ரீலோட் வேண்டும். அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் பிரதிகள் பழைய அமைப்போடுதான் ஓடும், ரீஸ்டார்ட் செய்தால்தான் புதியது வரும்.

## கரண்ட் வந்த முதல் சில நிமிடங்கள்

இப்போது தொடக்கக் கேள்விக்கு வருவோம். மேலே உள்ள கோப்பில் ரீஸ்டார்ட் பற்றிய இரண்டு வரிகள் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளை ஒட்டி எழுதிய பல கோப்புகள் அப்படித்தான் இருக்கும். என்ன நடக்கும்?

1. கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரும் வைஃபை ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் ஒரே நேரத்தில் உயிர் பெறுகின்றன. எஸ்எஸ்டி போட்ட கம்ப்யூட்டர் சீக்கிரம் தயாராகிவிடும். ஃபைபர் பெட்டி அந்தப்பக்கம் பேசி இணைப்பு வாங்க இன்னும் நேரம் எடுக்கும்.

2. ரவுட்டர் உள்ளூர் முகவரி கொடுத்துவிடும். அதோடு நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் நிறைவேறிவிட்டது என்று சிஸ்டம்டி எடுத்துக்கொள்ளும். அந்தப் பெயரை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். 'இந்தக் கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் அமைப்பு முடிந்தது' என்பதற்கு மேல் அது எதையும் உறுதி செய்வதில்லை. இணையம் எட்டுகிறதா என்று அது பார்ப்பதில்லை.

3. மூன்று பிரதிகளும் தொடங்குகின்றன. சில வகைக் கணக்குகளில் ஆர்குளோன் தொடக்கத்திலேயே கிளவுட்டைத் தொட்டுப் பார்க்கும். முகவரி கிடைக்காமல் பிழை சொல்லி வெளியேறும். வேறு சில வகைகளில் யாராவது ஃபோல்டரைத் திறக்கும்வரை தொட்டுப் பார்க்காது, அதனால் பிழையின்றித் தொடங்கிவிடும். மூன்றில் ஒன்று மட்டும் தப்பித்ததன் காரணம் இங்கே இருக்கிறது.

4. ரீஸ்டார்ட் வரி இல்லாவிட்டால், இயல்பான நடத்தை 'மறுபடி முயலாதே' என்பதுதான். ஒரு முறை விழுந்தால் விழுந்ததுதான்.

5. சரி, ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர் மட்டும் சேர்த்துவிட்டால்? இயல்பான காத்திருப்பு 100 மில்லி விநாடி. கூடவே இன்னொரு விதி: 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க விடாது. இதுவும் இயல்பாகவே இருக்கும் வரம்பு. நிரல் சட்டென்று விழும் வகையாக இருந்தால் ஐந்து முயற்சியும் ஓரிரு விநாடியில் தீர்ந்து, சிஸ்டம்டி கைவிட்டுவிடும்.

6. கொஞ்ச நேரம் கழித்து ஃபைபர் இணைப்பு வருகிறது. இனி முயல யாரும் இல்லை.

ரீஸ்டார்ட்செக்=30 என்ற ஒரு வரி இதை உடைக்கிறது. 30 விநாடிக்கு ஒரு முயற்சி என்றால், 10 விநாடியில் 5 என்ற வரம்பை எட்டவே முடியாது. ஃபைபர் எப்போது வந்தாலும் அதிகபட்சம் அரை நிமிடத்தில் ஃபோல்டர் வந்துவிடும். சிஸ்டம்டியின் 254ஆம் பதிப்பிலிருந்து காத்திருப்பைப் படிப்படியாக நீட்டும் வசதியும் இருக்கிறது, ஆனால் மூன்று பார்ட்டிக்கு அது தேவையில்லை. ஏற்கெனவே வரம்பில் மாட்டி நிற்கும் பிரதியை விடுவிக்க ரீசெட்-ஃபெயில்ட் என்ற கட்டளை உண்டு.

ஆஃப்டர், வான்ட்ஸ் இரண்டையும் சேர்த்தே எழுதியிருப்பதையும் கவனியுங்கள். ஆஃப்டர் வரிசையை மட்டும் சொல்கிறது, அதை இழுத்து வருவதில்லை. வான்ட்ஸ் இழுத்து வருகிறது, வரிசை சொல்வதில்லை. ஒன்றை மட்டும் எழுதிவிட்டு 'நெட்வொர்க்குக்குக் காத்திருக்கச் சொன்னேனே' என்று குழம்புவது வழக்கம்.

பழைய கம்ப்யூட்டர்களில் இன்னொரு காரணமும் ஒளிந்திருக்கும்: மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துபோவது. கரண்ட் போனதும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். பாதுகாப்பான இணைய இணைப்புக்கான சான்றிதழ்கள் இன்னும் தொடங்காத தேதியாகத் தெரியும், இணைப்பு மறுக்கப்படும். அமேசானின் எஸ்3 சேமிப்போ, கோரிக்கையின் நேரம் 15 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் ஏற்காது. இணையம் வந்து கடிகாரம் தானாகச் சரியாகும்வரை இப்படித்தான். 30 விநாடி மறுமுயற்சி இதையும் பெரும்பாலும் சமாளித்துவிடும். முறையாகச் செய்ய விரும்பினால் ஆஃப்டர் வரியில் டைம்-சிங்க்.டார்கெட் சேர்த்து, நேரம் சரியாகும்வரை காத்திருக்கும் சிஸ்டம்டி-டைம்-வெயிட்-சிங்க் சேவையையும் இயக்க வேண்டும். அல்லது பேட்டரியை மாற்றலாம். அது மலிவு.

## காலி ஃபோல்டரில் ஸ்கேன் போட்டால்

காலியாகத் தெரிவதைவிட மோசமானது, அந்தக் காலி ஃபோல்டருக்குள் யாராவது வேலையைத் தொடர்வது. சிஎஃப்எஸ்ஸில் (கன்டெய்னர் சரக்கு நிலையத்தில்) லாரி காத்திருக்கிறது, டெலிவரி ஆர்டரை உடனே ஸ்கேன் பண்ண வேண்டும் என்ற அவசரத்தில் ஊழியர் ஃபோல்டரில் போட்டுவிடுகிறார். அது கிளவுட்டுக்குப் போகவில்லை. உள்ளூர் டிஸ்க்கில், பொருத்துமிடத்துக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது.

அதோடு முடியவில்லை. ஆர்குளோன் மறுபடி தொடங்கும்போது, பொருத்த வேண்டிய ஃபோல்டர் காலியாக இல்லை என்று பார்த்து மறுத்துவிடும். இப்போது இணையம் இருந்தும் சேவை எழாது. மீறிப் பொருத்தச் சொல்லும் ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால் சேவை எழும், ஆனால் அந்த டெலிவரி ஆர்டர் கண்ணுக்கு மறைந்துவிடும். இந்தத் தெரிவைத் தீர்வாகச் சொல்லும் ஆலோசனைகளை ஏற்க வேண்டாம்.

சரியான வழி, காலி ஃபோல்டரில் யாரும் எழுத முடியாதபடி செய்வது. /எஸ்ஆர்வி/பார்ட்டி/பருப்பு ஃபோல்டருக்கு உரிமையாளராக 'ஆவணம்' பயனரை வைத்து, மற்ற எல்லாருக்கும் கதவை மூடுங்கள், அதாவது அனுமதி எண் 0700. பயனர் பெயரில் ஓடும் ஆர்குளோனுக்குப் பொருத்துமிடத்தில் எழுதும் உரிமை வேண்டும், அதனால் முழுவதும் பூட்டக் கூடாது. கிளவுட் பொருத்தப்பட்ட பின் வெளியே தெரிவது பொருத்தப்பட்டதன் அனுமதிகள், அடியில் இருப்பதன் அனுமதிகள் அல்ல. ஆகவே சேவை ஓடும்போது ஊழியருக்கு ஃபோல்டர் திறக்கும், ஓடாதபோது 'அனுமதி இல்லை' என்று வரும். பிழைச் செய்தி காலி ஃபோல்டரைவிட நல்லது.

இதே சிக்கல் உள்ளூர் டிஸ்க்கில் எழுதும் சேமிப்பு மென்பொருள்களுக்கும் உண்டு. தனி டிஸ்க் பொருத்தப்படாமல் சேவை தொடங்கினால், தரவு முதன்மை டிஸ்க்கில் போய் நிறையும். அவற்றுக்கு ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார் என்ற வரியில் பாதையைச் சொன்னால், அந்த டிஸ்க் பொருந்தும்வரை சிஸ்டம்டி சேவையைத் தொடங்காது. சிங்க்திங் தன் பங்குக்கு ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளும். அது காணாவிட்டால் ஒத்திசைவை நிறுத்திவிடும். இல்லையென்றால் 'எல்லாம் அழிக்கப்பட்டது' என்று எண்ணி மறுமுனையிலும் அழித்துவிடுமே.

## பகிரக் கூடாதவை

டெம்ப்ளேட்டின் அழகு பொதுவாக்குவதில் இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான். எதைப் பொதுவாக வைத்தால் பிரதிகள் ஒன்றை ஒன்று மிதிக்கும் என்று பார்க்க வேண்டும்.

முதலில் கேஷ். ரைட்ஸ் என்ற கேஷ் முறையில், நாம் எழுதும் ஃபைல் முதலில் உள்ளூர் கேஷுக்குப் போய், பின்னர் கிளவுட்டுக்கு ஏறும். ஒரே கணக்கையோ ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பாதைகளையோ பார்க்கும் இரண்டு பிரதிகள் ஒரே கேஷைப் பகிர்ந்தால் தரவு சிதைய வாய்ப்பு உண்டு என்று ஆர்குளோனின் ஆவணமே எச்சரிக்கிறது. தனித்தனிக் கணக்கு என்றால் பயமில்லை. ஆனால் நாளைக்கு யாராவது 'பருப்பு' கணக்கின் ஓர் உள் ஃபோல்டருக்கு மட்டும் 'பருப்பு2' என்று இன்னொரு பிரதி போடமாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? கேஷ் பாதையில் %ஐ போட்டுவிட்டால் கேள்வியே எழாது.

அடுத்தது கணக்கு விவரக் கோப்பு. பல கிளவுட் சேவைகளில் நுழைவுச் சீட்டு அவ்வப்போது காலாவதியாகும். ஆர்குளோன் புதியதை வாங்கி, அதே கோப்பில் எழுதி வைக்கும். அதனால் கோப்பும் அது இருக்கும் ஃபோல்டரும் எழுதக்கூடியதாக இருக்க வேண்டும். ரகசியங்களை ஒப்படைக்கச் சிஸ்டம்டியில் லோட்கிரெடென்ஷியல் என்ற நல்ல வசதி இருக்கிறது. ஆனால் அது தருவது படிக்க மட்டும் முடிகிற நகல், புதுச் சீட்டை அதில் எழுத முடியாது. மாறாத சாவி கொண்ட எஸ்3 வகைக் கணக்குகளுக்கு அது பொருந்தும், மற்றவற்றுக்குப் பொருந்தாது. மேலே ஸ்டேட்டைரக்டரி என்ற வரியில் பார்ட்டிவாரியாக ஃபோல்டர் உண்டாக்கி, விவரக் கோப்பை அங்கே வைத்திருப்பது இதனால்தான். சாவியை யூனிட் ஃபைலிலேயே எழுதுவது மட்டும் வேண்டாம். அதை அந்தக் கம்ப்யூட்டரின் எல்லாப் பயனரும் படிக்க முடியும்.

நினைவகத்தைப் பொறுத்தவரை பகிர்வது நல்லது. ஒரே டெம்ப்ளேட்டின் பிரதிகளைச் சிஸ்டம்டி தானாகவே 'சிஸ்டம்-ஆர்குளோன்.ஸ்லைஸ்' என்ற ஒரே குழுவில் வைக்கும். அந்தக் குழுவுக்கு மெமரிமேக்ஸ் வரம்பு போட்டால், பார்ட்டி எத்தனை சேர்ந்தாலும் பழைய கம்ப்யூட்டர் மூச்சு முட்டாது.

ஒரு பார்ட்டிக்கு மட்டும் யூனிட் அளவில் மாற்றம் வேண்டுமென்றால் டெம்ப்ளேட்டை நகலெடுக்க வேண்டாம். 'ஆர்குளோன்@பருப்பு.சர்வீஸ்.டி' என்ற ஃபோல்டரில் மாறும் வரிகளை மட்டும் ஒரு சிறு கோப்பாக வைத்தால் போதும். பெயர் இல்லாமல் 'ஆர்குளோன்@.சர்வீஸ்.டி' என்று வைத்தால் எல்லாப் பிரதிக்கும் சேரும். கடைசியில் எது அமலில் இருக்கிறது என்று குழம்பினால் சிஸ்டம்சிடிஎல் கேட் என்ற கட்டளை எல்லாத் துண்டையும் சேர்த்துக் காட்டும்.

## அன்சிபிள் இருக்கும்போது இது எதற்கு?

டெம்ப்ளேட் என்றதும் சிலர், பல கம்ப்யூட்டர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவியான அன்சிபிளையும், அதிலுள்ள டெம்ப்ளேட் மொழியான ஜின்ஜா2ஐயும் நினைப்பார்கள். அங்கே எத்தனை கோடுகள் வேண்டுமானாலும் விடலாம், நிரப்பி முழுக் கோப்புகளாக அச்சடித்துத் தரும். மணலியில் ஒரு கிளை, மண்ணடியில் ஒரு கிளை என்று பல கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள அது வேண்டும்தான். ஆனால் ஒரே கம்ப்யூட்டருக்குள் பார்ட்டிக்கு ஒரு யூனிட் ஃபைலாக அதைக் கொண்டு அச்சடிப்பது பழைய நகல் முறைக்கே திரும்புவதாகும். யாராவது ஒரு கோப்பைக் கையால் திருத்துவார்கள், அடுத்த முறை அன்சிபிள் அதை அழிக்கும். அன்சிபிள் டெம்ப்ளேட்டையும் பார்ட்டிவாரி என்வ் கோப்புகளையும் கொண்டு போய் வைக்கட்டும். பிரதி எடுப்பதைச் சிஸ்டம்டியிடம் விட்டுவிடலாம்.

## பார்ட்டி விலகும்போது

சேர்ப்பதைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், எடுப்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஒரு பார்ட்டி வேறு கிளியரிங் ஏஜென்டிடம் போய்விட்டால் டிசேபிள், ஸ்டாப் இரண்டும் கொடுக்க வேண்டும். டிசேபிள் மட்டும் கொடுத்தால் இப்போது ஓடுவது நிற்காது. ஸ்டாப் மட்டும் கொடுத்தால் அடுத்த பூட்டில் மறுபடி எழும்.

கேஷ் ஃபோல்டர் அப்போதும் டிஸ்க்கில் இருக்கும். சிஸ்டம்சிடிஎல் கிளீன் கட்டளைக்குக் கேஷ் என்று குறிப்பிட்டால், கேஷ்டைரக்டரி வரியைப் படித்து அதைத் துடைத்துவிடும். துடைக்கும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். எழுதிய ஃபைல் கிளவுட்டுக்கு ஏறும் முன் சேவை நின்றிருந்தால், அந்த ஃபைல் கேஷில் மட்டுமே இருக்கும். அடுத்த முறை அதே அமைப்போடு தொடங்கும்போது ஆர்குளோன் மிச்சத்தை ஏற்றிவிடும். ஆகவே கடைசியாக ஒருமுறை பிரதியைத் தொடங்கி, சிஸ்டம்டியின் ஜர்னல் பதிவில் ஏற்றம் முடிந்ததைப் பார்த்து, கிளவுட் கணக்கின் இணையப் பக்கத்திலும் கடைசிச் சில ஃபைல்கள் வந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு நிறுத்துங்கள். அதற்குப் பிறகு கேஷைத் துடைக்கலாம். கணக்கு விவரக் கோப்பை மட்டும் உடனே அழிக்க வேண்டாம். அந்தப் பார்ட்டியின் ஆவணங்களுக்கு 5 ஆண்டுக் கெடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் சாவியும் அதுவரை தேவைப்படும்.